ஓசாவின் பெயருக்கு ஒரு வளையம்

சுவீடனிலிருந்து ஈமெயிலில் வந்த பெயரைக் கஜானி நினைவுக் கல்லுக்கான பக்கத்தில் ஒட்டினாள். முதல் எழுத்து இங்கிலீஷ் ஏ, ஆனால் தலையில் சின்னதாய் ஒரு வளையம். அது இருந்தால்தான் ஓசா என்று வாசிப்பார்களாம். ஒட்டியதும் அந்த எழுத்து மாயமாகி, அதன் இடத்தில் ‘வ’ வந்து குந்திக்கொண்டது.

அவள் வேலைசெய்யும், முகைதீன்பாவாவின் காத்தான்குடி அச்சகத்துக் கொம்பியூட்டருக்கு இது பழக்கம். கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்தே காலந்தள்ளும் சாமானுக்கு ஐரோப்பாவைப் பற்றி என்ன கவலை? அவர்களின் வளையம் வைத்த, பொட்டு வைத்த எழுத்துகளின் இடங்களிலெல்லாம் அது தமிழ் எழுத்துகளைக் குடியேற்றி வைத்திருந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் வெறும் பெட்டிதான் வந்தது.

வ என்றால் கஜானிக்கு விதுர்ஷா. சுனாமியாய்க் கடல் வந்த அந்தக் காலையில், அயலில் தங்கிப் பாலர் பாடசாலையில் உதவிக்கு நின்ற ஓசாதான், தங்கச்சி விதுர்ஷாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாவலடி மணலில் ஓடினாள். இருவருமே திரும்பவில்லை. தனியே ஓடியிருந்தால் ஓசா தப்பியிருப்பாள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். அடுத்த கிழமை ஓராண்டு நினைவுக்கு அவளின் தாய் வருகிறார். எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பது?

அவள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் பாவா எட்டிப் பார்த்தார். “உடு புள்ள, வெறும் ஏ போடு. ஆருக்கு விளங்கப் போகுது?”

“அவட அம்மாக்கு விளங்கும் காக்கா.”

கரண்ட் போனது. வாவிக் காற்றில் மேசைமேல் தலை சாய்த்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். வாவி நிறைய எழுத்துகள் மிதந்தன. சில தொப்பி போட்டிருந்தன, சிலவற்றுக்கு வால் முளைத்திருந்தது. நடுவே குமிழி குமிழியாய் வளையங்கள் எழும்பின. விதுர்ஷா ஒன்றைப் பிடித்து வளையலாகப் போட்டுக்கொண்டு சிரித்தாள். விழித்தபோது கஜானிக்குத் தாங்க முடியவில்லை.

கரண்ட் வந்ததும் ஒரு பூச்சியத்தை எடுத்துச் சுருக்கினாள். இன்னும் சுருக்கி, மெல்ல அந்த ஏ எழுத்தின் தலையில் ஏற்றினாள்.

அடுத்த கிழமை நாவலடியில் ஓசாவின் தாய் கல்லின் முன் குந்தி, அந்த வளையத்தை விரலால் தடவியபடியே இருந்தார். பிறகு பக்கத்திலிருந்த தமிழ்ப் பெயரைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

யாரோ ஒரு பிள்ளை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கஜானி தெரிந்த இங்கிலீஷில் உண்மையையே சொன்னாள்: “என் தங்கச்சி. உங்கள் மகளின் தோளில் இருந்தவள்.”

தாய் கஜானியின் கையைப் பிடித்தார்.

“அப்படியென்றால், கடைசியில் என் பிள்ளை தனியாக இருக்கவில்லை” என்றார்.

கஜானி வாய்விட்டு அழுதாள்.