மாப்பிள்ளையின் மூளை

எங்கள் ஆய்வகத்தில், காட்டு விலங்குகளின் மூளையில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க மாதிரி தயாரிப்பவள் நான். அதை இயந்திரத்தில் ஏற்றி முடிவு சொல்பவர் என் கணவரின் அக்கா. வீட்டில் போதாதென்று இங்கேயும் அவர் சொல்வதுதான் முடிவு.

அந்த வாரம் ஒரு நரி வந்தது. நடுச்சாலையில் உட்கார்ந்திருந்ததாம். பின்னால் லாரி ஹாரன் அடித்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அந்தத் தோரணையைப் பார்த்துக் கூண்டுப் பணியாளர்கள் ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பயமில்லாத நரி என்றால் எங்களுக்கு முதல் சந்தேகம் மூளைமேல்தான். ஒட்டுண்ணி இந்த அளவுக்கு முற்றியிருந்தால் காப்பாற்ற வழியில்லை, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் டாக்டர். மயக்கத்திலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்த அந்த நரியை எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. மூளையில் ஒட்டுண்ணி இருந்தால் முதுகுத்தண்டு நீரில் தெரியும் என்பதால் அதை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

ஒட்டுண்ணி இருக்கிறது என்று முடிவு வந்தது. மதியம் ஊசியோடு வருவதாக டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மனசு ஆறாமல் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மாதிரிகளோடு ஒரு குழாயில் வெறும் தண்ணீரும் வைக்க வேண்டும். அதிலும் ஒட்டுண்ணி தெரிந்தால் மொத்த முடிவும் குப்பை. அந்தக் குழாயையே காணோம். கேட்டால், தண்ணீருக்கு என்ன நோய் வரப்போகிறது, அவசரத்துக்கு விட்டுவிட்டேன் என்றார் அக்கா. மறுபடி செய்யச் சொன்னால் ராத்திரி சாப்பாட்டில் என் தலைதான் உருளும். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

“அக்கா, ஒரே ஒரு தடவை தண்ணியோட சேத்துப் போடுங்க. சாகப்போறது நரி, நம்ம கௌரவம் இல்ல.”

என்னை முறைத்துக்கொண்டே போட்டார். தண்ணீரிலும் ஒட்டுண்ணி தெரிந்தது. முந்தின நாள் செத்த ஓநாயின் மூளையை அதே மேஜையில்தான் திறந்திருந்தோம். அதில் ஒட்டுண்ணி மண்டிக்கிடந்தது. புழுக்கம் தாங்காமல் அவர் போட்ட மின்விசிறி அதை எல்லாக் குழாயிலும் தூவியிருக்கிறது.

அக்கா திரையை ஒருமுறையும் மின்விசிறியை ஒருமுறையும் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: “தண்ணிக்கே மூளை கெட்டுப்போச்சுன்னா தப்பு நரி மேல இல்ல.”

மின்விசிறியை நிறுத்தி, மேஜையைத் துடைத்து, மூடி வைத்திருந்த மிச்ச முதுகுத்தண்டு நீரை வியர்க்க வியர்க்க மறுபடி போட்டோம். தண்ணீரும் சுத்தம், மாப்பிள்ளையும் சுத்தம்.

அப்படியானால் ஏன் பயப்படவில்லை என்று டாக்டருக்குக் குழப்பம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதும் பூச்சியும் அழுக்கும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. பூச்சி இருந்தது நிஜம்தான், நாங்கள்தான் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளித் தேடியிருக்கிறோம்.

மருந்து போட்டுச் சுத்தம் செய்து சில நாள் கழித்து அக்கா கூண்டுக்குப் பின்பக்கமாகப் போனார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதைத் தரையில் போட்டார். மாப்பிள்ளை துள்ளி எழுந்து, மூலையில் ஒடுங்கி, பல்லைக் காட்டி உறுமியது.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பயப்படுது பாரு. என்னைக் கண்டு எப்படிப் பயப்படுது பாரு.”

“இப்பதான்க்கா அது நம்ம குடும்பத்துல ஒண்ணாச்சு” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரிக்க, அதற்கும் சேர்த்து உறுமியது நரி.