மூன்றாவது பழுது

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நான் பரிசோதிக்கும் கேஸ் ரெகுலேட்டர்களுக்குள் தினமும் வேண்டுமென்றே மூன்று பழுதானவற்றைக் கலந்துவிடுவார். நான் தூங்கிவழியாமல் இருப்பதற்காம். எட்டு வருஷமாக ஒன்றைக்கூட விட்டதில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று பதினொரு மணிக்கே மூன்றையும் பிடித்துவிட்டேன். அப்புறம் என்ன, கை பாட்டுக்கு வேலை செய்தது. வாய் பாட்டுக்கு, பக்கத்தில் பெட்டியில் அடுக்கும் அண்ணியோடு வம்பளந்தது. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அண்ணிதான்.

மாலையில் பூதக்கண்ணாடி வந்து, நான் பிடித்த மூன்றின் ரப்பர் வளையங்களையும் நெம்பிப் பார்த்தார். அவர் கலப்பவற்றில் வளையத்துக்கு அடியில் நீலப் புள்ளி வைத்திருப்பார். இரண்டில் இருந்தது. மூன்றாவதில் இல்லை.

“பரவாயில்லையே! இது நிஜமான பழுதும்மா. நான் போட்டது இல்ல.”

பல்லைக் காட்டிவிட்டேன். அடுத்த நொடிதான் உறைத்தது.

“அப்போ நீங்க போட்ட மூணாவது எங்க சார்?”

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. “ஒண்ணுதானே, விடும்மா. வெளிய தெரிஞ்சா உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும்.”

“ஒரு வீடு எரியறதுக்கு ஒண்ணு போதும் சார்!” என்று கத்தியேவிட்டேன்.

அண்ணி என் கையைக் கிள்ளினார். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? ரெண்டு பேரும் வீட்ல உட்காரணும்டி.”

நான் கேட்கவில்லை. போய் லாரிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

பெட்டிகள் இறங்கின. அன்றைய சரக்கு முந்நூறையும் நானே மறுபடி பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பூதக்கண்ணாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இன்னைக்கு நான் ரெண்டுதான் போட்டிருப்பேன். ஞாபகப் பிசகு. லாரியை விடு.”

எனக்கு மனசு ஒப்பவில்லை. “அண்ணி, நீங்க ஒரு தடவை பாருங்க.”

“நீ பார்த்ததை நான் என்னத்தைப் பார்க்கிறது? எனக்கு இதுல என்ன தெரியும்?” திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தார். பழக்கமில்லாத வேலை; ஒவ்வொரு வளையத்தையும் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். இப்படிப் பார்த்தால் விடிந்துவிடும் என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

நான்காவது பெட்டியில் அவர் விரல் நின்றது. முடி கனத்துக்கு ஒரு விரிசல். வளையத்தைக் கழற்றினார். நீலப் புள்ளி.

“அப்பாடா!” என்று பூதக்கண்ணாடி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து வரும் அப்பாடா? முதலில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை, இரண்டு முறையும் அதைக் கையில் எடுத்துச் ‘சரி’ என்று வைத்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அண்ணி அதைக் கீழே வைக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நம்ம வீட்டு சிலிண்டர்ல மாட்டியிருக்கிறதும் நீ பார்த்து அனுப்பினதுதானே?”

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா அடுப்பு பற்றவைக்கும் நேரம் அது.