கதவின் உள்பலகை

மறுபடியும் வாங்க என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாத தொழில் பெட்டிக்காரருடையது. சவப்பெட்டி செய்கிறவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதை வைத்துக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலி கடைசியாகத்தான் நிரம்பும். அதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை. எங்கே போய்விடப்போகிறார்கள், கடைசியில் நம்ம கடைக்குத்தானே வரணும் என்று சொல்லிச் சிரிப்பார்.

மருமகனை அவருக்குப் பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம். பெண் கேட்க வந்தவன் பட்டறைக்குள் கூச்சமே இல்லாமல் நுழைந்து, ஒரு பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்து டீ குடித்தான். கார் மெக்கானிக். வாய் ஓயாத பையன். கல்யாணமாகி வந்த பிறகு அவன் வாயெல்லாம் ஒரே பேச்சுத்தான்: பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே அவன் மாற்றிக்கொண்டிருந்த பழைய கார்.

கார் என்று அவன்தான் சொன்னான். பார்க்கிறவர்களுக்கு அது பழைய இரும்புக்காரன் விட்டுப்போன மிச்சம். பின்சீட்டு, தரைவிரிப்பு, ஏசி, ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தான். எடை குறையணும், அவ்வளவுதான் அவனுக்கு வேதம். கதவுகளின் உள்பக்கத்தை மூடியிருந்த மெத்தைப் பலகைகளைப் பிடுங்கினான். கண்ணாடி ஏற்றி இறக்கும் சாமானை எடுத்தான். கதவுக்குள் குறுக்கே ஓடிய இரும்புச் சட்டத்தையும் அறுத்தான். மிஞ்சியது வெறும் தகரக் கூடு, ஓரமெல்லாம் கத்தி.

ஒருநாள் அவன் தொடையில் கிழிந்த பேண்ட்டோடு வீட்டுக்கு வந்தான். மகள் அந்தக் கீறலுக்கு மருந்து வைத்துவிட்டு, நேராக அப்பாவின் பட்டறைக்கு வந்தாள்.

"அந்தக் கார விடச் சொன்னா விடமாட்டார்ப்பா. நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். அந்தக் கதவையாவது நீங்க மூடிக் குடுங்க. அவர ஒங்ககிட்டதான் விட்டிருக்கேன்."

"இது ஒரு வேலையாம்மா? நான் பாத்துக்கறேன்," என்றார் பெட்டிக்காரர். மகள் தன்னை நம்பி ஒன்றைக் கேட்டுவிட்டாள் என்பதில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது.

மறுநாள் மருமகன் வேலை மேசைமேல் மூன்று துண்டுகளைப் பரப்பினான். ஒன்று அலுமினியத் தகடு. ஒன்று கறுப்பு பிளாஸ்டிக் தாள், பெட்டி சூட்கேஸ் எல்லாம் செய்கிற கெட்டி ரகம். மூன்றாவது, பெட்டிக்காரரின் பட்டறையிலிருந்தே எடுத்த மெல்லிசு பிளைவுட். மூன்றையும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசமில்லை.

"அலுமினியம் அறுக்கும் மாப்ள. ஓரத்த மடக்கணும். எனக்கு அந்த வேலை வராது," என்று பெட்டிக்காரர் முதல் துண்டை ஒதுக்கினார்.

மகள் பிளாஸ்டிக்கை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தாள். அது வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. "இதையே போடுங்களேன். இடிச்சா வளையும். அவ்ளோதானே?"

"வெயில்ல நெளியும்மா. சூடு காட்டித்தான் வடிவம் எடுக்கணும், அதுக்கு வேற ஆளு," என்றார். உண்மையில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மரத்திலேயே பொழுதெல்லாம் கழித்தவன் வீட்டு மருமகன், பக்கெட் செய்கிற சாமானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவதா? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிளைவுட்டைத் தட்டிக் காட்டினார். "இது என் கைக்கு அடங்கும். நான் சொன்னபடி கேக்கும்."

"தாங்குமா மாமா?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது. பெட்டிக்கு அடிப்பலகை தேர்ந்தெடுக்கும்போது செய்வதையே செய்தார். பலகையை இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே போட்டு, நடுவில் தானே ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டினார். பலகை முனகியது, ஒடியவில்லை.

"எப்பேர்ப்பட்ட ஒடம்பெல்லாம் தாங்கியிருக்கு தெரியுமா? ஒடைஞ்சுபோச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் திரும்பி வந்து குறை சொன்னதில்ல மாப்ள."

மருமகன் டீ புரையேறச் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

தாங்குமா என்பது மட்டும்தான் அவர் தொழிலில் கேள்வி. ஒடிந்தால் எப்படி ஒடியும் என்று பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவர் பெட்டிக்குள் படுப்பவர்கள் யாரும் போகிற வழியில் எதன்மேலும் மோதுவதில்லை. ஒரே ஒரு துண்டை முழங்காலில் வைத்து முறித்துப் பார்த்திருந்தால் போதும். பட்டறை நிறையத் துண்டுகள் கிடந்தன.

மருமகனுக்கு அந்த யோசனை வராமல் இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டான்: "மாமா, பின்பக்கம் கேன்வாஸ் துணி வச்சுப் பசை போட்டு ஒட்டிடலாமா? ஒடைஞ்சாலும் சிதறாது."

"எடை ஏறுமே," என்றார் பெட்டிக்காரர். "அதுவும் பின்பக்கம். கதவுக்குள்ள போற பக்கத்த யாரு பாக்கப்போறா?"

எடை என்ற சொல் காதில் விழுந்ததும் மருமகன் சரி என்று தலையாட்டிவிட்டான். துணியும் பசையும் அலமாரியிலேயே இருந்தன. சோம்பல் என்று சொல்லமுடியாது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு உழைப்பது அவர் தொழிலில் கிடையாது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கு உயிரைக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், துடைத்தார், மறுபடி தேய்த்தார். தேன் நிறத்தில் வார்னிஷ் ஏற்றினார். முழங்கை வருகிற இடத்தைக் குழித்தார். மருமகனை ஸ்டூலில் உட்காரவைத்து, தோள், இடுப்பு, தொடை வருகிற இடத்துக்கெல்லாம் நாடா பிடித்தார். கதவைச் சாத்த ஒரு பிடி வேண்டும் என்றபோது அவர் கை தன்னால் சவப்பெட்டிக்குப் பூட்டுகிற பித்தளைப் பிடிகள் இருந்த டப்பாவுக்குள் போனது.

"அப்பா, அந்தப் பிடிய மட்டும் போட்றாதீங்க," என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். கடைசியில் தோல்வார் ஒன்றைப் போட்டார்.

தடத்துக்கு முதல்முறை போன அன்று பெட்டிக்காரரும் மகளும் கூடப் போனார்கள். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், தீயணைப்பு உருளையைப் பார்த்தார், கதவுப் பலகைமேல் உள்ளங்கையை ஓட்டினார். "யாரு கைவேலை? பிரமாதம்," என்றார். பின்பக்கத்தை அவரும் பார்க்கவில்லை.

மருமகன் உள்ளே உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டும் முன் எட்டிப்பார்த்துச் சொன்னான்: "மாமா, உள்ள உக்காந்தா ராஜா மாதிரி இருக்கு."

பெட்டிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பெட்டி செய்தவர். உள்ளே இருக்கிறவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டது அன்றைக்குத்தான்.

பெரிய விபத்து என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை. ஒரு வளைவில் கார் பிடியை விட்டுப் பக்கவாட்டில் வழுக்கியது. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு, தாழ்ந்த கான்கிரீட் சுவரில் மோதியது. தீ இல்லை, உருளவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, ஒண்ணுமில்லை என்பதுபோல் ஆட்டினான். மகள் மூச்சை விட்டாள். பிறகு அந்தக் கை தொங்கிப்போனது. ஆட்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது காரின் தரையில் காலை வைக்க முடியவில்லை, வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா வெளியே வந்து தகவலைச் சொன்னார். தொடையின் பெரிய ரத்தக்குழாய். தடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது, மீதி வருகிற வழியில். மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எது குத்துச்சு?"

"இரும்பு எதுவும் இல்லம்மா. மரம். நீளமா, ஈட்டி மாதிரி கிழிஞ்சு ஏறியிருக்கு."

அறைக்குள் தட்டில் அது கிடந்தது. ஒரு பக்கம் தேன் நிறம். பெட்டிக்காரர் வாசலிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். மகளும் கண்டுகொண்டாள். அவள் அழுதுகொண்டே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

பெட்டிக்காரரிடம் நல்ல தேக்குப் பலகைகள் கொஞ்சம் இருந்தன. தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தவை, யார் கேட்டும் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அவற்றைத் தூசி தட்டி எடுத்து வைத்துவிட்டு மகள் முன்னால் போய் நின்றார்.

"எனக்குன்னு வச்சிருந்த மரம்மா. அதுல செய்யறேன்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"வேணாம்ப்பா. ஒங்க கை பட்டது எதுவும் இனிமே அவர்மேல வேணாம். வேற எடத்துல சொல்லுங்க."

வேறு இடம் என்றால் ஆணி கடைதான். ஊரில் இன்னொரு பெட்டிக்கடை அது. ரெண்டு ஆணி போதும் என்ற இடத்தில் பத்து அடிக்கிறவன் என்று அவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே பெட்டிக்காரர்தான். அந்தக் கடைப்படியை அவர் மிதித்ததில்லை. இப்போது வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து ஆணி பதறி எழுந்தான்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனேண்ணே. அளவெடுக்க ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாம்," என்றார். அளவைத் தானே சொன்னார். தோள், இடுப்பு, தொடை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். காரின் கதவுக்காக எடுத்த அளவு.

ஆணி ஒரு பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு மூடியைத் திறந்தான். வெளியே கண்ணாடி போன்ற வார்னிஷ். பெட்டிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். ரம்பம் போன தடம் அப்படியே இருந்தது. சிராய் சிராயாக நார் நிமிர்ந்து நின்றது.

"உள்ள இழைக்கலையா?"

"உள்ளயாண்ணே?" ஆணிக்கு நிஜமாகவே புரியவில்லை. "மேல துணி வந்துடும்ல. உள்ள யாரு பாக்கப்போறா?"

பெட்டிக்காரர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உப்புத்தாள் இருக்கா?"

ஆணி எடுத்து நீட்டினான். வாங்குவதற்குக் கையை நீட்டியவர், பாதியில் இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே தேச்சுடுங்க தம்பி. நான் தொடக்கூடாது."

ஆணி அவர் முகத்தைப் பார்த்தான். பெட்டிக்குள் குனிந்து தேய்க்க ஆரம்பித்தான். மரத்தூள் பறந்தது. பெட்டிக்காரர் ஒரு மூலையையும் விடவில்லை, மோவாயால் காட்டிக்கொண்டே இருந்தார். போதும்தானே என்பதுபோல் ஆணி நிமிர்ந்தான்.

"வலதுபக்கம் இன்னும் கொஞ்சம்," என்றார். "தொடை வர்ற எடம்."