லைட் டூட்டி

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் துணி கட்டும்போது தருமன் ஏணியோடு சாய்ந்தான். கீழே ஏணியைப் பிடித்திருக்க வேண்டியவர் பந்தல் கடை முதலாளி தசரதன். அவர் அந்த நேரம் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியைப் பிடித்திருந்தார். ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தருமனுக்குக் கணுக்கால் முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த டாக்டர், "வேலைக்குப் போலாம். ஆனா கொஞ்ச நாளைக்கு லைட் டூட்டிதான்" என்றார். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, மனைவி சரசு அரிசி புடைப்பதில் குறை கண்டுபிடிக்கும் அளவுக்கு முன்னேறியிருந்த தருமன், நேராகக் கடைக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னான்.

தசரதன் இளகிய மனசுக்காரர். "அவ்ளோதானே? இனிமே பந்தல் பக்கமே போவாத. உன்ன லைட் செக்‌ஷனுக்கு மாத்திட்டேன்."

பௌர்ணமி கிரிவலத்துக்கு அடி அண்ணாமலையில் டியூப்லைட்டும் ஸ்பீக்கரும் கட்டும் ஆர்டர் இருந்தது. லைட் செக்‌ஷனின் முக்கியக் கருவி ஏணி. அதே ஏணி. மாட்டேன் என்றால் வேலை போய்விடும், ஏறினால் கால் போய்விடும். தருமன் முதல் படியில் கால் வைத்தபோது, சாப்பாடு கொண்டுவந்த சரசு பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா இது? லைட் டூட்டின்னா கம்மியான வேலைண்ணா. பல்பு மாட்றதா?"

தசரதன் யோசித்தார். "அப்ப ஹெவி டூட்டின்னா ஜெனரேட்டர் இல்லியா?"

"இல்ல."

"ஒக்காந்து செய்ற வேலைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"இவருக்கு வாய் நல்லாத்தான் இருக்குது. ஊட்ல ஓயறதே இல்ல. மைக்க குடுங்க."

அப்படித்தான் தருமன் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை இன்னொரு ஸ்டூலில் நீட்டி, கிரிவலக் கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிட ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் பொன்னி என்பவருக்கு அவர் கணவரும், உண்ணாமலை என்பவருக்கு வேறொருவரின் செருப்பும் கிடைத்தன.

அப்போதுதான் பார்த்தான். எதிரே ஏணி உச்சியில் கடைப் பையன் செழியன் டியூப்லைட்டோடு நிற்கிறான். ஏணியடியில் ஆள் இல்லை.

"பக்தர்கள் கவனத்திற்கு. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தசரதன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக ஏணியடிக்கு வரவும். செழியன் மேலே காத்திருக்கிறார்."

கிரிவலப் பாதை முழுக்க ஸ்பீக்கர் கட்டியது தசரதனேதான். கூட்டம் விலகி வழிவிட, சுண்டல் பொட்டலத்தைப் பல்லில் கவ்வியபடி ஓடிவந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார்.

சரசு பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"இவன் கால் சீக்கிரம் சரியாவணும் சாமி" என்று மலையைப் பார்த்தார் தசரதன். கும்பிடக் கை இல்லாததால் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.