கெவினின் படத்துக்குக் கீழே

1.

இந்தக் கதை ஒரு மருந்துத் துண்டிலிருந்து பிறந்தது. கதைகளுக்கு இதைவிட மரியாதையான பிறப்பிடங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். என்ன செய்வது, எனக்குப் பிரஷர்.

கற்பிட்டி டொக்டர் எழுதிய துண்டு ஒன்று, கொழும்பு டொக்டர் எழுதிய துண்டு ஒன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு புத்தளம் தில்லையடியில் ஒரு பாமசிக்குப் போனேன். கவுண்டரில் நின்ற பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

“ராத்தா, இந்த ரெண்டும் ஒண்டா எடுக்க ஏலா. மற்றக் குளிசையைப் பத்திக் கொழும்பு டொக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அவளே போனை எடுத்துக் கொழும்பு டொக்டரோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். டொக்டர் ஒரு குளிசையை மாற்றி வேறு மாத்திரை சொன்னார். அதை அவள் என் துண்டிலேயே குறித்தாள். அவளுடைய தலைக்கு மேலே, கண்ணாடி போட்ட பிரேமுக்குள், மருந்தாளர் பதிவுச் சான்றிதழ் தொங்கியது. கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞனின் படம். பெயர் கெவின்.

கெவின் எங்கே என்று கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் மிச்சக் கதை.

2.

[முதல் தொடக்கம்: ‘களப்பின் மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நுஸ்ரா தன் பட்டச் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு...’ வெட்டிவிட்டேன். களப்புத் தண்ணீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுடைய சான்றிதழ் அலுமாரியில் பொலித்தீன் பைக்குள் கிடக்கிறது. அதை யாரும் அணைப்பதில்லை.]

[இரண்டாம் தொடக்கம்: ‘1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு நுஸ்ராவின் வாப்பா மர்ஸூக் புத்தளத்தில் வந்து இறங்கியபோது...’ இதை வெட்டவில்லை. பாதியில் விட்டிருக்கிறேன். கீழே தேவைப்படும்.]

3.

அலங்காரம் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கவுண்டரில் நின்ற நுஸ்ரா மருந்தியல் படித்தவள். இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அவளுடைய புள்ளி மயிரிழையில் போதவில்லை. நம் நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. அதே புள்ளியோடு வேறொரு மாவட்டத்தில் பரீட்சை எழுதியிருந்தால் உள்ளே போயிருப்பாள். வாப்பாவைத் துரத்தியவர்கள், எந்த மாவட்டத்துக்கு ஓடினால் பிறக்கப்போகும் மகளின் புள்ளி போதும் என்று சொல்லிவிட்டுத் துரத்தவில்லை.

ஆகவே வெளிநாடு. ஐந்து வருடம். எந்த நாடு? [வெட்டப்பட்டது.] பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே “ஓ, அந்த நாடா?” என்பீர்கள். நம்மிடம் ஒரு பட்டத்தின் பெறுமதி அந்த ‘ஓ’வின் நீளத்தில்தான் இருக்கிறது. ஒரு நாட்டைச் சொன்னால் வாய் பிளக்கும். இன்னொரு நாட்டைச் சொன்னால் உதடு சுழியும். பிள்ளை என்ன படித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த நாட்டில் நுஸ்ரா நாளைக்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கலாம். இங்கே பதிவுப் பரீட்சை எழுதுவதற்கே இன்னும் அனுமதி வரவில்லை. ஏதோ இரண்டு பாடத்துக்கு விரிவுரை நேரம் குறைவாம். அங்கே பனடோல் போட்டால் காய்ச்சல் கூடுகிறதா? அந்த நாட்டுக்காரரின் ஈரல் என்ன வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கமா இருக்கிறது? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டாம்.

கெவினின் கதை இதையே திருப்பிப் போட்டது. சிலாபத்துப் பிள்ளை. இங்கே படித்தவன், இங்கே பதிவு பெற்றவன். இப்போது வேறொரு நாட்டில் [இதையும் வெட்டிவிட்டேன்] முதியோர் இல்லமொன்றில் வயோதிபர்களைக் குளிப்பாட்டுகிறான். அந்த நாடு அவனுடைய பட்டத்தைப் பார்த்துவிட்டு, முதலாம் வருடத்திலிருந்து படித்துவிட்டு வா என்றது. குளிப்பாட்டுவதற்கு மட்டும் ஒரு பட்டமும் கேட்கவில்லை.

அவன் போனான். சான்றிதழ் போகவில்லை. பாமசி முதலாளி முத்தலிபு நாநாவோடு பேசி, அவருடைய சுவரில் விட்டுப் போனான். சட்டப்படி சுவரில் இருப்பவர் கடையில் இருக்க வேண்டும். கடையில் இருப்பவளோ சுவரில் இல்லை.

கெவின் இடைக்கிடை வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். நுஸ்ரா எனக்கும் போட்டுக் காட்டினாள். தங்கச்சி என்பதை அவன் சிங்களத்தில் நங்கி என்பான்.

“நங்கி, என்ட படத்தில தூசு பிடிக்க விடாத என்ன. நேத்து ஒரு தடிச்ச கிழவனத் தூக்கி இடுப்புப் புடிச்சிட்டு. என்ன குளிசை போட?”

பதிவு பெற்ற மருந்தாளன் கேட்கிறான். பதிவு பெறாதவள் பதில் சொல்கிறாள்.*

*என்னிடமும், பல்கலைக்கழகத்துக்குள் போகாமல் எழுதியெடுத்த ஒரு வெளிவாரிப் பட்டம் உண்டு. அது வேலை செய்த ஒரே இடம் என் கல்யாண அட்டை. பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள். நான் வேலை பார்க்கும் உப்பளத்து அலுவலகத்தில் இன்றுவரை அதை யாரும் கேட்டதில்லை.

4.

முத்தலிபு நாநா ஐந்து வேளையும் தொழுகிறவர். ஆனாலும் கத்தோலிக்க நாட்காட்டி அவருக்கு மனப்பாடம். மருந்துப் பரிசோதகர் செவ்வாய்க்கிழமை வந்தால் கெவின் அந்தோனியார் பூசைக்குப் போயிருப்பான். புதன் வந்தால் சகாய மாதா நவநாள். ஓகஸ்டில் வந்தால் தலவில திருவிழா. இவ்வளவு பக்தியுள்ள வாலிபனை எந்தக் கோயிலும் கண்டிருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் குளிசை வாங்க நின்றபோது பரிசோதகர் உள்ளே வந்தார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். முத்தலிபு நாநா அந்தோனியார் பூசைக் கதையை எடுத்து விட்டார். பரிசோதகர் தலையாட்டிக்கொண்டே கவுண்டரில் கிடந்த என் துண்டைக் கையில் எடுத்தார். நுஸ்ரா மாற்றிக் குறித்திருந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

“இது யார் மாத்தினது?”

நுஸ்ரா ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

“கெவின் சேர்” என்றாள். “ரெண்டும் ஒண்டா எடுக்க ஏலா எண்டு, போன மாசம் டொக்டரோட கதைச்சு மாத்தினவர்.”

“அப்படியா அம்மா?” என்று பரிசோதகர் என்னைக் கேட்டார்.

“ஓம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து சுவரில் கெவினைப் பார்த்தார். “நல்ல மருந்தாளர். இப்படிக் கவனிக்கிறவங்க இப்ப குறைவு.”

நுஸ்ராவும் ஓம் என்று தலையாட்டினாள். அவளுடைய ஐந்து வருடப் படிப்பை அவளே தூக்கி அந்தப் பிரேமுக்குள் வைத்தாள். நான் சாட்சி சொன்னேன்.

ஏன் பொய் சொன்னாள் என்று கேட்பவர்களுக்கு: பதிவில்லாமல் மருந்து கொடுத்தது தெரிந்தால் வேலை மட்டும் போகாது. பதிவுப் பரீட்சைக்காகக் கொழும்பில் கிடக்கும் அவளுடைய விண்ணப்பமும் அத்தோடு சரி.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டவனெல்லாம் மருந்து கொடுக்கக் கூடாதுதான். என் உயிரும் அதில்தான் கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தச் சட்டம் சுவரைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டுப் போனது. வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

5.

கோபத்தில் கதை எழுதிவிடலாம். முடிவு மட்டும் வராது. எழுதியதையெல்லாம் பாமசிக்குக் கொண்டுபோய் நுஸ்ராவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அது என் பிழை.

முதல் முடிவில் பரிசோதகர் கடைக்குள்ளேயே மயங்கி விழுகிறார். நுஸ்ரா அவரைக் காப்பாற்றுகிறாள். அவர் கண் திறந்து, கலங்கி...

“ஒரு ஆளை விழுத்தித்தான் நான் படிச்சவ எண்டு காட்டணுமா ராத்தா?” என்றாள். “கெவின் சேருக்காக ஆரும் விழ இல்லையே.”

இரண்டாம் முடிவில் கெவின் ஊருக்குத் திரும்பி வந்து, தன் சான்றிதழைக் கழற்றிவிட்டு அவளுடையதைத் தன் கையால் மாட்டுகிறான்.

“அவர் வந்தா, பிரேமைக் கழட்டிக்கொண்டு போய்ச் சிலாபத்தில கடை போடுவார். எனக்கு ஆணிதான் மிஞ்சும்.”

மூன்றாம் முடிவில் அவளுக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் பார்த்த பார்வை அப்படி.)

6.

கடைசியில் அவள் கேட்டது முடிவைப் பற்றி அல்ல.

“ஆரு இந்த நுஸ்ரா?”

ஓம், வாசகரே. அவளுடைய பெயர் நுஸ்ரா இல்லை. பரிசோதகர் கதை வாசிக்கிறவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரை மாற்றினேன், கடை இருக்கும் தெருவை மாற்றினேன், பெரிய உபகாரம் செய்துவிட்டதாகவும் நினைத்தேன்.

“உனக்கொரு கரைச்சல் வரக்கூடாது எண்டுதான்” என்றேன்.

“அண்டைக்கு நான் செஞ்சதைக் கெவின் சேர் செஞ்ச எண்டு சொன்னன். நீங்களும் ஓம் எண்டீங்க. இப்பப் பாத்தா, நான் படிச்சதை எல்லாம் நுஸ்ரா படிச்சாளாம். எனக்கு என்ன மிச்சம்?”

அவளுக்காக நான் கட்டிய கதையும் ஒரு பிரேம்தான். இன்னொருத்தியின் பெயர் போட்ட பிரேம்.

“பேரைப் போட்டா வேலையும் போகும், விண்ணப்பமும் போகும் தங்கச்சி.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். காய்ச்சலுக்கு மருந்துப் பாணி கேட்டாள். பிள்ளையின் எடை என்ன என்று கவுண்டருக்குள் நின்றவள் கேட்டாள், தாய்க்குத் தெரியவில்லை. தராசில் பிள்ளையைக் கிடத்தி நிறுத்து, பாணியை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று போத்தலில் கோடு போட்டுக் காட்டி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“எங்கயாவது ஒரு கடதாசில, மருந்தாளர் எண்டு போட்டு, பக்கத்தில என்ட பேர் இருக்கணும் ராத்தா. ஒருக்காவது.”

7.

ஆகவே கதையின் கடைசித் தாளில் மருந்தாளர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு அவளிடம் கொண்டு போனேன். மருந்துக் குறிப்பு எழுதும் அதே பேனையால் அவள் அந்தக் கோட்டின் மேல் தன் முழுப் பெயரையும் எழுதினாள். மெதுவாக எழுதினாள். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை நாலாக மடித்தாள்.

“பத்திரிகைக்கு வேற தாள் குடுங்க” என்றாள். “இது எனக்கு.”

அந்தத் தாள் அவளிடம் இருக்கிறது. எங்கே வைத்தாள் என்று சொல்ல மாட்டேன். பரிசோதகரும் இதை வாசிக்கக்கூடும்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது வெறும் கோடு. அதை நான் நிரப்பப் போவதில்லை. அடுத்த முறை பாமசிக்குப் போகும்போது, சுவரைப் பார்க்காமல், உங்கள் கையில் குளிசையை வைத்தவரிடம் பெயரைக் கேளுங்கள். சொன்னால் இங்கே எழுதுங்கள். எழுதிய பிறகு இந்தத் தாளை யாரிடம் காட்டுவீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவரின் வேலையும் விண்ணப்பமும் அந்தக் கையில்தான் இருக்கின்றன.

மருந்தாளர்: ..............................