ஹோபர்ட் போட்ட டிராப்ட்

"டிராப்ட் பாக்கறப்ப உன் பக்கத்துல உக்கார யாராச்சும் இருக்காங்களா, ஹோபர்ட்?"

மூன்று வருடங்களுக்கு முன் கேட்கப்பட்ட கேள்வி அது. இணையத்தில் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள் கூடிப் பேசும் இடத்தில், பனிமீனவன் என்ற பெயரில் எழுதும் ஒருவர் கேட்டார். ஹோபர்ட் என்ற பெயருக்குள் இருந்தது மார்னி குபியாக். ஏரிக்கரையில் டோட்டியின் மதுக்கடைச் சமையலறையில் தட்டு கழுவி, மீன் பொரித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் தகட்டில் இருந்த பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு நாலு நாள் யோசித்து, "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள்.

மார்னிக்குப் பேச்சு வராது. ஊமையில்லை, நாலு பேர் திரும்பிப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் கட்டுரையை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். காகிதத்தைப் பிடித்தபடி மணி அடிக்கும் வரை நின்றாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளியின் மஞ்சள் பேருந்து வந்தபோது அவள் ஏறவில்லை. அதன்பின் ஏறவேயில்லை.

அப்போது ஆரம்பித்ததுதான் நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பொறுக்கும். போன பருவத்தில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் முறை. யார் யாரை எடுப்பார்கள் என்று ரசிகர்கள் முன்கூட்டியே எழுதிப் பார்ப்பதுதான் மாதிரி டிராப்ட். பெயர்களை வரிசையாக அடுக்க யாராலும் முடியும். மார்னி பேரங்களோடு எழுதுவாள். நம் முறையை இன்னொரு அணிக்குக் கொடுத்தால் பின்னால் எந்தெந்த முறைகளை வாங்கலாம், அவர்கள் ஏன் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுடைய பயிற்சியாளருக்கு எதில் பயம் என்று பக்கம் பக்கமாக எழுதுவாள். ஒவ்வொரு முறைக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு பட்டியல் உண்டு. நூலகம் வெளியே போட்ட பழைய பத்திரிகையிலிருந்து அதைக் கிழித்து வைத்திருந்தாள். இப்போதைய இளவட்டங்கள் வேறு பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

பனிமீனவன் ஏமாந்தது அந்த இடத்தில்தான். "பழைய பட்டியல்ல கணக்கு போடறவன் நீ ஒருத்தன்தான். நீயும் என் வயசுக்காரன், ஒத்துக்கோ" என்று எழுதினார். மார்னி ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிறகு தனிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதலில் ஆட்டத்தைப் பற்றி. அப்புறம் மனைவி லெனோர் இறந்ததைப் பற்றி. மார்னியிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அதனால் சில வரிகளை நோட்டில் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டாள்.

இந்த ஏப்ரலில் அவர் எழுதினார்: "நீயும் ஏரிக்கரைப் பக்கம்னு ஒரு தடவ சொன்ன. டிராப்ட் அன்னிக்கு டோட்டி கடைக்கு வந்துடு. மூலை மேசை. காது மூடற பழுப்புத் தொப்பி போட்டிருப்பேன். உனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வைக்கறேன்."

மார்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழுப்புத் தொப்பியை அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் மூலை மேசையில் தனியாகப் பெர்ச் மீன் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே சமையலறை ஜன்னலில் கொண்டுவந்து வைக்கும் வென்டல் ஷ்ரோக். அறுபத்தெட்டு வயது. அவளிடம் ஆறு வருடமாக "நன்றிம்மா" என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"வரப் பார்க்கிறேன்" என்று பதில் எழுதினாள். எழுதின கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். அன்றைக்கு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து காட்டினால் போதும்.

டிராப்ட் நடந்த வியாழக்கிழமை மாலை கடையில் நிற்க இடமில்லை. எல்லோரும் அணியின் சட்டையில் இருந்தார்கள். வென்டல் முகம் மழித்து, எண்ணெய் தடவித் தலை வாரி வந்திருந்தார். மேசைமேல் ஹோபர்ட்டின் மாதிரி டிராப்ட், அச்செடுத்து, மடிப்புகள் நைந்துபோய். எதிரே காலி நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு பியர்.

"ஏம்பா வென்டல், உன் சிநேகிதன் எங்க?" சாமான் கடைக்கார க்ளைட் கத்தினான். "ஏரி மறுபடி உறைஞ்சாதான் நடந்து வருவானா? பாரு, அவன் பியர்ல நுரையெல்லாம் செத்துப் போச்சு."

"வருவான். நீ உன் வாய மூடிக்கிட்டு டிவியப் பாரு."

மார்னி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு மேலங்கிக்குள் வயிற்றோடு ஒட்டியிருந்தது. டிவியில் மூன்றாவது முறை போயிற்று, ஏழாவது போயிற்று. இரண்டு தடவை கதவு வரை போய், மூன்று பேர் திரும்பிப் பார்த்ததும் வறுவல் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன கண்ணு, காய்ச்சலா?" என்றாள் டோட்டி. "முகமெல்லாம் வெளுத்திருக்கு. வெங்காய வளையம் நாலு தட்டு. சீக்கிரம்."

பதினொன்றாவது முறை ஊர் அணிக்கு. ஓடிப் பந்து பிடிக்கும் ஒரு பையன் பெயரைக் கடை மொத்தமும் கூவிக்கொண்டிருந்தது. திரையில் அணியின் சின்னம் மறைந்து வேறொரு சின்னம் வந்தது.

"டிரேடு! முறைய வித்துட்டானுங்க!" க்ளைட் தொப்பியைத் தரையில் அடித்தான். கீழே எழுத்துகள் ஓடின. பதினொன்றைக் கொடுத்து, பத்தொன்பதும் ஐம்பத்திரண்டும்.

வென்டல் எழுந்துவிட்டார். "ஹோபர்ட் சொன்னான்! பத்தொன்பதும் அம்பத்திரண்டும்! பாருங்கடா, ஒரு எழுத்து மாறல! அஞ்சு புள்ளி நமக்கு லாபம்னு போட்டிருக்கான்!" காகிதத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, சந்தோஷத்தில் காலி நாற்காலியின் பக்கம்தான் திரும்பினார்.

"அது நீயே வீட்ல உக்காந்து அடிச்சதுதான?" என்றான் க்ளைட். "ஹோபர்ட்டாம். பொண்டாட்டி போனதுலருந்து நீ சுவத்தோடதானப்பா பேசிட்டிருக்க."

கடை சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். வென்டல் கையை மெல்ல இறக்கினார். "இருக்கான்," என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது சத்தமே இல்லை.

மார்னி எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் எண்ணெய்.

"இங்க ஆள் வராங்கம்மா," என்றார் வென்டல்.

மார்னி நோட்டை எடுத்து, திறந்து, அவர் பக்கம் தள்ளினாள். பென்சில் எழுத்து. பதினொன்று, ஆயிரத்து இருநூற்றைம்பது. பத்தொன்பதும் ஐம்பத்திரண்டும் சேர்ந்து ஆயிரத்து இருநூற்றைம்பத்தைந்து. மார்ச் மாதத் தேதி. அடித்துத் திருத்தி, மறுபடி அடித்த ஒரு பெயர்: எல்டன் ஃபாஸ். பந்தைக் காலிடுக்கில் பின்னால் கொடுத்துவிட்டு முட்டி மோதி நிற்பவன். யாரும் பெயர் கேட்டிராத கல்லூரிப் பையன்.

வென்டல் அச்சுக் காகிதத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு தொடங்கியது. "நீயா? நம்ம மீன் பொரிக்கிற பொண்ணா? அட, நீ..." என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது மார்னிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கையை நீட்டினாள். அதற்குள் அவர் படிக்க ஆரம்பித்திருந்தார். அவருடைய வார்த்தைகள், அவளுடைய கையெழுத்தில்.

'லெனோரோட கோட்ட முகத்துல போத்திக்கிட்டுத்தான் இன்னும் தூங்கறேன். ஒரு பொம்பளகிட்டயோ சின்னப் பிள்ளைங்ககிட்டயோ இதச் சொல்ல முடியுமா? நம்ம வயசு ஆம்பளைங்களுக்குள்ள இருக்கட்டும்.'

அவர் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. காது மடல் வரை ஏறியது.

"மிஸ்டர் ஷ்ரோக்," என்றாள் மார்னி. எண்ணெய்க் கையை மேலங்கியில் துடைத்தாள். கேலி செய்ய எழுதி வைக்கவில்லை. தினம் எடுத்துப் படித்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மணி அடிக்கும் வரை நின்ற அதே பெண்ணாக உட்கார்ந்திருந்தாள்.

"மார்னி! எண்ணெய் புகையுது, எங்க போன?" டோட்டி உள்ளேயிருந்து கத்தினாள்.

அவள் எழுந்து ஓடினாள். அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தபோது, வென்டல் நோட்டை மூடி, அந்தக் காலி நாற்காலியின்மேல் வைத்திருந்தார். அவர் போய்விடவில்லை. கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். பதினாலு, பதினாறு, பதினெட்டு. யார் என்ன கேலி செய்தும் திரும்பவில்லை. போகாமல் இருக்கிறாரே என்று மார்னி ஒவ்வொரு முறைக்கும் ஒரு வளையத்தை எண்ணெயில் போட்டாள்.

பத்தொன்பது வந்தது, இப்போது அது ஊர் அணியின் முறை. திரையில், மேடைமேல் சீட்டைப் பிரித்தார்கள்.

"எல்டன் ஃபாஸ்."

"யாருடா அவன்!" கடை முழுக்க ஊளையிட்டது. வென்டல் தொப்பியை மாட்டி, காது மடல்களை இறக்கிவிட்டுக்கொண்டார். அச்சுக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு கோப்பைகளையும் எடுத்துவந்து, ஒன்று காலி, ஒன்று தொடாதது, எப்போதும் போல ஜன்னலில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றிம்மா வரும் என்று மார்னி காத்திருந்தாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். ஏரிக்காற்று ஒரு வீச்சு உள்ளே வந்தது, கதவு மூடிக்கொண்டது.