கிழிய வேண்டிய பாய்

துருக்கியில் பாய் கிழிந்துவிட்டது என்று நெர்கிஸ் போனில் சொன்ன காலையில், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கூட்டாளியின் பாய் கிழிந்ததில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். எங்களுடையது கிழியவில்லையே, அந்தச் சந்தோஷம். மலேசியாவில், கெடா மாநிலத்துக் கரங்கானிலிருந்து ஒருத்தி, துருக்கியின் புர்சா நகரத்தையே முந்திவிட்டாள் என்று மனசுக்குள் மாலை போட்டுக்கொண்டேன்.

பாய் என்றால் மாட்டுப் பாய். கையுறைத் தொழிற்சாலைகள் கழித்துப் போடும் கையுறைகளை வாங்கி, வெந்த ரப்பரை மறுபடி மாவு மாதிரி இளக்கி, மாடு படுக்கக் கனத்த பாயாக வார்ப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் என் தம்பி மார்க்கசும். நான் கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்கில் இருந்தவள். கொரோனா ஓய்ந்து கையுறை விலை விழுந்தபோது ஆளைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருத்தி. ரப்பர் கலவை என்னுடையது. இளக்குகிற இயந்திரம் புர்சாவில் உள்ள ஒரு நிறுவனத்தினுடையது. நெர்கிஸ் அங்கே இன்ஜினியர். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு ஓட்டை என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது.

இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. எங்கள் செலவை எங்கள் அரசாங்கம் தரும், அவர்கள் செலவை அவர்கள் அரசாங்கம் தரும். பணம் கடல் தாண்டாது, ஆய்வுதான் தாண்டும். அலமாரியில் அடுக்கி வைக்கிற ஆய்வுக்கு இதில் ஒரு சென் காசு கிடையாது. செய்கிற பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்பதுதான் பேச்சு. முதல் கட்டம் தேறினால் இயந்திரம் கரங்கானிலேயே இருக்கும். தேறாவிட்டால் கப்பலேறிப் போய்விடும். அது போனால் பட்டறையில் மிஞ்சுவது நானும் மார்க்கசும் ஒரு மலை ஓட்டைக் கையுறையும்தான். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு தொழிற்சாலை வாசலில் போய் நிற்க எனக்கு உடம்பும் வளையாது, வாயும் அடங்காது.

தேய்மானத்தை இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். அங்கே ஒரு பெரிய பண்ணை. இங்கே திகாம் பத்துவில் ராமையா அண்ணனின் மாட்டுக் கொட்டகை. சுங்கைப் பட்டாணிக் கோயில்களுக்கும் தோசைக் கடைகளுக்கும் பால் ஊற்றுகிறவர், சொன்ன சொல் தவறாதவர். நான் போன் போட்டு, "அண்ணே, நாளைக்கு வரேன்" என்பேன். போனால் பாய் பளபளவென்று கிடக்கும், மாடு அதன்மேல் நிற்கும். அளந்து பார்ப்பேன். தேய்மானம் பூஜ்யம். அதை அப்படியே புர்சாவுக்கு அனுப்புவேன். கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். பெருமை வந்த இடத்தில் சந்தேகம் எங்கே உட்காரும்?

அன்றைக்கு மட்டும் போன் போடாமல் போனேன். கிழியாத பாயை நாலு படம் எடுத்து நெர்கிசுக்கு அனுப்பிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள ஆசை. மழை பெய்துகொண்டிருந்தது. கொட்டகையில் மாடுகள் வெறும் சிமெண்டில் படுத்திருந்தன. பாயைக் காணோம்.

வீட்டு வாசலில் ராமையா அண்ணன் மனைவி நவமணி அக்கா நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். உள்ளே போனேன். ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் பாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருந்தன. மேலே வெள்ளைத் துணி. துணிமேல் பூச்சாடி.

"என்னக்கா இது?"

"பாய்தான் தங்கச்சி. சொல்லிட்டு வந்திருந்தா விரிச்சு வச்சிருப்போம்ல."

"அப்ப நான் வராத நாள்ல?"

பின்னாலிருந்து ராமையா அண்ணன் வந்தார். "வெளிநாட்டு மிஷின்ல செஞ்ச ஜாமான்மா. மாடு மிதிச்சுச் சாணி போட்டுச்சுன்னா என்னாவறது? நாளைக்குத் திருப்பிக் கேட்டீங்கன்னா புதுசாட்டம் குடுக்க வேணாமா? எம் பேரு கெட்டுரும்லா."

எனக்கு வந்த கோபத்தில் பூச்சாடி தப்பித்தது பெரிய விஷயம். "மிதிக்கத்தான் குடுத்தேன்! கிழியத்தான் குடுத்தேன் அண்ணே!" என்று கத்தினேன். அவர் திருதிருவென்று விழித்தார். கிழிவதற்காகவென்று ஒருத்தி புதுச் சாமான் கொடுப்பாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? என் வீட்டிலும் நல்ல பீங்கான் தட்டு கிறிஸ்மசுக்குத்தான் வெளியே வருகிறது. திட்டிவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பட்டறைக்கு வந்து மார்க்கசிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் வியாபாரியாகிவிட்டான்.

"பேசாம இரு அக்கா. ஸீரோன்னு அனுப்பியாச்சு, அனுப்புனது அனுப்புனதுதான். இன்னும் கொஞ்ச வாரத்துல அதிகாரிங்க வராங்க. முதல்ல டுயிட் வரட்டும், காசு கைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்லா."

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இயந்திரம் இங்கேயே இருக்கும். அன்று பகல் முழுவதும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் நெர்கிஸ் கூப்பிட்டாள். அழுத முகம். கெடாவில் தேயாத பாய் புர்சாவில் கிழிகிறது என்றால் இயந்திரத்தின் சூட்டை நீதான் தப்பாக வைத்திருக்கிறாய் என்று அவளுடைய முதலாளி சொல்லிவிட்டாராம். அவளைத் திட்டத்திலிருந்து எடுக்கப் பேச்சு நடக்கிறதாம். "உன் பாய் எப்படி அகத்தா கிழியாமல் இருக்கிறது? சொல்லேன், நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்டாள்.

என் பூஜ்யம் போய் ஒருத்தியின் வேலையில் கை வைத்திருக்கிறது. மார்க்கஸ் எதிரே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்: சோபா, பிளாஸ்டிக் உறை, வெள்ளைத் துணி, பூச்சாடி. மாடு மிதிக்கவே இல்லை என்று சொன்னேன். இதை உன் முதலாளிக்கு இன்றைக்கே எழுதுகிறேன் என்றேன்.

அவள் துருக்கி மொழியில் படபடவென்று பொரிந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. வாங்கிக்கொண்டேன். கடைசியில் ஆங்கிலத்தில், "முதலில் அந்தப் பாயை விரி" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாளே பாய்களைக் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். சிமெண்டில் துளை போட்டு, ஆணி வைத்து, யாரும் சுருட்ட முடியாதபடி முடுக்கினேன். முதல் சாணி விழுந்தபோது நவமணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாடுகளும் லேசுப்பட்டவை இல்லை. மோந்து பார்த்துவிட்டு, ஏதோ கடன்காரன் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்ன மாதிரி ஒதுங்கியே நின்றன. நான் தினமும் வேலை முடிந்து கரங்கானிலிருந்து திகாம் பத்துவுக்குக் காரை ஓட்டினேன். அந்த வாரக் கடைசியில் சிவப்பு மாடு ஒன்று முன்னங்காலை மடக்கிப் படுத்தது. மற்றவை அதைப் பார்த்துப் படுத்தன. அப்புறம் எழுப்புவதுதான் பாடாகிவிட்டது.

பிறகு பாய் கிழிந்தது. ஒன்றல்ல, எல்லாமே பின் ஓரத்தில், மாடு எழும்போது பின்னங்கால் ஊன்றும் இடத்தில். படத்தை அனுப்பினேன். நெர்கிஸ் தன் படத்தையும் பக்கத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். புர்சா எது, கெடா எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் சூட்டிலும் குறை இல்லை, என் கலவையிலும் குறை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வரைந்த அச்சில் பின் ஓரம் மெல்லிசு, அவ்வளவுதான். அவளைத் திட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். அவள் பேச்சு மறுபடி பழையபடி ஆனது, மன்னித்ததாக மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் புது அச்சு வெட்ட நேரமில்லை. அதிகாரிகள் வருகிற நாளில் கொட்டகையில் கிடக்கப் போவது கிழிந்த பாய்தான். அன்று காலையில் ராமையா அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாங்குவீங்களான்னு கேப்பாங்களாம். ஆமான்னு சொல்லுங்கன்னு மார்க்கஸ் தம்பி சொல்லிக் குடுத்துச்சு. சொல்லிரவாம்மா? ஏற்கெனவே ஒரு வாட்டி உங்களுக்குக் கெடுதல் பண்ணிட்டேன்."

சொல்லிவிடுங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்காக அவர் சொல்லுவார், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லுவார். அதுதான் என்னைச் சுட்டது. எனக்கு நல்லது என்று நினைத்து அவர் பாயை மடித்து வைத்தார். இப்போது எனக்கு நல்லது என்று நினைத்து மனசை மடித்து வைக்கப் பார்க்கிறார். "உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்கண்ணே. எனக்காக ஒன்னும் சொல்லாதீங்க" என்றேன்.

கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி, புவான் சல்மா என்கிற அம்மாள், சேற்றில் நடக்கத் தயங்காதவர். கைக்கணினித் திரையில் துருக்கி அதிகாரி ஒருவரும் பக்கத்தில் நெர்கிசும். புவான் சல்மா கிழிசலைக் குனிந்து பார்த்தார், இரண்டு நாட்டுப் படங்களையும் பார்த்தார். பிறகு ராமையா அண்ணனிடம் மலாயில் கேட்டார்: இந்தப் பாயைச் சொந்தக் காசு போட்டு வாங்குவீர்களா?

"தா மாவ்," என்றார் அவர்.

வேண்டாம் என்பதை மலாயில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மார்க்கஸ் கண்ணை மூடிக்கொண்டான். நான்தானே சொல்லச் சொன்னேன், அனுபவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அப்படியானால் இவற்றைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லட்டுமா?" என்று புவான் சல்மா கேட்டார்.

ராமையா அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மலாயில்தான் சொன்னார், நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "எடுத்துக்கிட்டுப் போங்க, மாட்ட எழுப்ப முடிஞ்சா. பால் கறக்கக் கூப்பிட்டாக் கூட எழும்ப மாட்டேங்குதுங்க. முட்டியில இருந்த புண்ணு ஆறிப் போச்சு. மாட்டுக்குப் புடிச்சிருக்கு. எனக்குத்தான் புடிக்கல. காசு குடுக்கப் போறது மாடா, நானா? கிழியாமச் செஞ்சு கொண்டாங்க, வாங்கறேன்."

நெர்கிஸ் அதை என் ஆங்கிலத்திலிருந்து துருக்கி மொழிக்கு மாற்றிச் சொன்னதும் திரையில் அந்த அதிகாரி சிரிப்பை மறைக்கத் தலையைக் குனித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. புவான் சல்மா சிரிக்கவில்லை. சிவப்பு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முட்டியைத் தடவிப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார்.

பதில் வருவதற்குள் இயந்திரத்தை அடைக்கப் பெட்டிக்குக்கூட விலை விசாரித்துவிட்டான் மார்க்கஸ். கடைசியில் வந்தது. இரண்டாம் கட்டம் கிடையாது. முதல் கட்டத்தையே இரண்டு அரசாங்கங்களும் அரை வருஷம் நீட்டியிருந்தன. புது அச்சுக்கு மட்டும் செலவு தருவார்கள், எங்கள் சம்பளத்துக்கு ஒன்றுமில்லை. இயந்திரம் கரங்கானிலேயே இருக்கலாம். ஒரே நிபந்தனை: முடிவில் வாங்குவீர்களா என்ற கேள்வியை வேறு யாரிடமும் கேட்கக் கூடாது, திகாம் பத்துவில் வேண்டாம் என்று சொன்னவரிடமே கேட்க வேண்டும்.

ராமையா அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"அப்ப மறுபடியும் வேணாம்னு தோணுச்சுன்னா?" என்றார்.

"வேணாம்னே சொல்லுங்கண்ணே. வேற பாய் செய்வோம்."

போனை வைத்துவிட்டு இயந்திரத்தைப் போடச் சொன்னேன். மார்க்கஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டான்.